“இவளுக்கு மை வேண்டாம்”: நிறமும் தெருவும் பார்த்துப் பள்ளியில் வேடம் கொடுத்தால்

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். நாங்கள் பட்டியல் சாதி. கணவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். பொங்கல் விழாவுக்கு ‘அன்றைய விவசாயம்’ என்று ஒரு நாடகம் போட்டார்கள். சிவப்பாக இருக்கும் பிள்ளைகளுக்கு மிராசுதார், மிராசுதார் வீட்டம்மா வேடம். நான்கு பிள்ளைகளுக்குப் பண்ணையாள் வேடம். அதில் மூன்று பேருக்கு முகம், கை எல்லாம் கறுப்பு மை. ஒத்திகையில் ஆசிரியை, ‘இவளுக்கு மை வேண்டாம், அப்படியே பொருந்துவா. உங்க அப்பா செய்ற வேலைதானே, உனக்கு நடிக்கவா சொல்லித் தரணும்?’ என்றாராம். பிள்ளைகளைக் கூப்பிட வந்த இரண்டு அம்மாக்கள் அங்கே இருந்தார்கள். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். நாடக வீடியோ பள்ளியின் முகநூல் பக்கத்தில் இருக்கிறது. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் ‘நடிப்புதானே, இதில் சாதி எங்கே வந்தது’ என்கிறார்கள், சிலர் ‘பி.சி.ஆர். கேஸ்’ (வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு) போடுங்கள் என்கிறார்கள். கேட்கப் போனால் தலைமையாசிரியர் ‘பிரச்சினை பண்ணினால் டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: டி.சி. மிரட்டலை முதலில் ஒதுக்கிவிடுவோம். அதற்குப் பயந்துதான் பாதிப் பெற்றோர் வாயைத் திறப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, 16ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. நீங்களாக எழுதிக் கேட்டால்தான் டி.சி. தர முடியும். ஆகவே எந்தக் கோபத்திலும் டி.சி. கேட்டுக் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். ‘எங்கள் விருப்பப்படி’ என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு பள்ளி பார்ப்பது பிறகு உங்கள் இஷ்டம். ஆனால் நடுவில் பள்ளி மாறினால், அங்கே ஒதுக்கீட்டு இடம் தானாகக் கூட வராது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது, எது குற்றம், எது இல்லை என்பது. மிராசுதாரும் பண்ணையாளும் வரும் நாடகம் போடுவதில் சட்டப்படி தவறில்லை. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இருக்கும் மண்ணில் அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியும் சாணிப்பாலும் எப்படி ஒழிந்தன என்று சொல்கிற நாடகமாக இருந்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். தவறு வேடம் பிரித்த விதத்திலும், ஒத்திகையில் விழுந்த அந்த இரண்டு வாக்கியங்களிலும் இருக்கிறது. தோல் நிறத்தை வைத்து ஒருவரை இழிவுபடுத்துவதற்கென்று நம்மிடம் தனிச் சட்டம் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று வரிசைப்படுத்துகிறது. நிறம் அதில் இல்லை. மற்ற மூன்று பிள்ளைகளுக்கும் மை பூசியது பார்க்கவே அருவருப்பான வேலை. ஆனால் அதை மட்டும் வைத்து எந்தப் பிரிவிலும் வழக்கு நிற்காது. உங்கள் புகாரின் முதுகெலும்பு ‘அப்பா செய்ற வேலைதானே’ என்ற பேச்சுதான்.

காரணம் இது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறியவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. மனத்துன்புறுத்தல் என்றால் என்ன என்பதைத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் விளக்குகின்றன: பிள்ளையின் குடும்பப் பின்னணி, அந்தஸ்து, பெற்றோரின் தொழில், சாதி இவற்றைச் சொல்லிக் கேலி செய்வது அந்தப் பட்டியலில் நேரடியாக இருக்கிறது. சாதி, சமூகம் பார்த்துப் பள்ளியில் வெவ்வேறு வேலை ஒதுக்குவது ‘பாகுபாடு’ என்ற தலைப்பில் வருகிறது. 25 சதவீத ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை என்பதற்காக வேறுபடுத்துவதும் அப்படியே. இந்த நெறிகளைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் உத்தரவிட்டிருக்கிறது. பட்டியல் சாதி மாணவனையும் தங்கையையும் சக மாணவர்களே வெட்டிய நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வகுப்பாசிரியர் நேரடியாகவோ மறைமுகமாகவோ மாணவரின் சாதியைச் சுட்டிப் பேசக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகாது. ஆனாலும் புகாரில் ஒரு வரி சேர்த்தால் படிக்கிற அதிகாரிக்கு எடை கூடும்.

இப்போது புகார். பள்ளித் தாளாளருக்கு எழுதுங்கள், தலைமையாசிரியருக்கு நகல். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், ஆசிரியை சொன்ன வார்த்தைகள் அப்படியே மேற்கோள் குறிக்குள். ‘சாதி வெறியோடு பேசினார்’ என்று நீங்கள் முடிவு எழுதாதீர்கள். வார்த்தையை மட்டும் வையுங்கள், முடிவை விசாரிப்பவர் எடுக்கட்டும். கடைசியில் என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்: வீடியோவை உடனே நீக்க வேண்டும், 17(2)இன்படி விசாரித்து எழுத்து மூலம் பதில் தர வேண்டும், இனி வகுப்பு நாடகங்களில் வேடம் குலுக்கல் முறையில்தான், நிறத்துக்காக மை பூசுவது கிடையாது என்று பள்ளி சுற்றறிக்கை விட வேண்டும், புகார் கொடுத்ததற்காக மகளை விழாக்களிலிருந்தோ இருக்கை வரிசையிலிருந்தோ ஒதுக்கக் கூடாது. ஏழு நாள் கெடு போதும். நகலில் பள்ளி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பெரும்பாலும் அலுவலகத்தில் ‘வெச்சுட்டுப் போங்க’ என்பார்கள். வைத்துவிட்டு வராதீர்கள், அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியை எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் கோராதீர்கள். அதே வகுப்பில் உங்கள் மகளை எழுப்பி நிறுத்தி ‘சாரி’ சொல்வார்கள். பிள்ளை இரண்டாம் முறை காட்சிப்பொருளாவாள். குறைந்த சம்பளத்தில் இருக்கும் அந்த ஒரு ஆசிரியையை வேலையை விட்டு அனுப்பிவிட்டு ‘நடவடிக்கை எடுத்தாச்சு’ என்று நிர்வாகம் கையைத் தட்டிக்கொள்வதும் நடக்கும். வேடப் பட்டியலைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது யார், வீடியோவை ஏற்றியது யார் என்பதையும் புகாரில் கேளுங்கள்.

ஆதாரம் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முகநூல் வீடியோவின் இணைப்பு, பதிவான தேதி, அதன் கீழ் வந்த கருத்துகள் எல்லாம் தெரியும்படி இன்றே திரைப்பதிவு எடுங்கள். புகார் போனதும் அது மறைந்துவிடும். ஒத்திகையை யாராவது பெற்றோர் படம் பிடித்திருந்தால், எடுத்த போனிலிருந்தே ‘டாக்குமெண்ட்’ ஆக வாங்குங்கள். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீடியோ சுருங்கி, எடுத்த நேரம் முதலான விவரங்கள் போய்விடும். மூலம் இருக்கும் போனை விற்கவோ ‘ரீசெட்’ செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் 63(4)இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கேட்பார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள். ‘எக்ஸ்போர்ட் சாட்’ செய்து வையுங்கள். மகள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒரு தடவை எழுதித் தேதி போடுங்கள். சொந்தக்காரர் வரும்போதெல்லாம் ‘மிஸ் என்ன சொன்னாங்க, சொல்லு’ என்று கேட்காதீர்கள். பத்துத் தடவை சொன்ன கதை பத்து விதமாகும். குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார்கள்.

அந்த வீடியோவை நீங்கள் எங்கும் பகிராதீர்கள். விசாரணை, வழக்கு பற்றிய செய்தியில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் குற்றம்: ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆசிரியை பெயரைப் போட்டுக் குழுவில் வசை எழுதினால், அவதூறு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். குழுவில் வாதாடி யாரும் மனம் மாறியதில்லை. அங்கிருந்த இரண்டு அம்மாக்களிடம் தனியாகப் பேசி, பார்த்ததையும் கேட்டதையும் ஆளுக்கொரு கடிதமாக எழுதி வாங்குங்கள். உங்கள் சாதிக்காரர் அல்லாத ஒருவரின் கடிதம், முப்பது கையெழுத்து போட்ட கூட்டு மனுவைவிட வலுவானது.

ஏழு நாளில் பதில் வராவிட்டால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு, 17, 32 ஆகிய பிரிவுகளைக் குறிப்பிட்டு மனு. 32ஆம் பிரிவில் கொடுத்த குறையை இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு நகல் போடுங்கள். மனு எண் கிடைக்கும். அலுவலகத்தில் மனு உறங்கினால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல்’ என்று கேளுங்கள். தனியார் பள்ளியிடம் நேரடியாகத் தகவல் கேட்பது சிக்கல். கல்வி அலுவலரிடம் கேட்கலாம். 30 நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பள்ளி கிறிஸ்தவ, இஸ்லாமிய அல்லது மொழிச் சிறுபான்மை நிர்வாகத்தின் கீழ் இருந்தால் கதை மாறும். 2014இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அத்தகைய பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்துவதில்லை. உங்கள் மகள் 25 சதவீதத்தில் சேர்ந்திருப்பதால் அது சிறுபான்மைப் பள்ளியாக இருக்க வாய்ப்பில்லை. இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்கள் மாநில ஆணையத்தை நேரடியாக அணுகலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வருவோம். 3(1)(s) பிரிவுக்குச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருக்க வேண்டும். இங்கே அது இல்லை. பார்க்க வேண்டியது 3(1)(r): பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பது. சாதிப் பெயர் வாயில் வரத் தேவையில்லை. ஆனால் அவமதிப்பு அவர் பட்டியல் சாதி என்பதற்காகவே நடந்தது என்று காட்ட வேண்டும். 2020இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொன்னது. பண்ணையாள் வேடம் கிடைத்த நால்வரும் ஒரே தெருப் பிள்ளைகளா? ஆம் என்றால் வழக்கு வலுக்கும். வேறு சாதிக் கறுப்புப் பிள்ளைகளும் அதில் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் ‘நிறம்தான் பார்த்தார், சாதி அல்ல’ என்று ஒரே வரியில் முடிப்பார். அசிங்கமான வாதம்தான், ஆனால் எடுபடக்கூடியது. சாதி எனக்குத் தெரியாது என்று ஆசிரியை சொல்வது அவ்வளவு எளிதல்ல: குடும்பத்தை நேரில் அறிந்தவருக்குச் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது 8(c). ஆசிரியையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் குடும்பம் மதம் மாறிக் கிறிஸ்தவர் என்று சான்றிதழ் வைத்திருந்தாலும் பொருந்தாது.

‘பொதுப் பார்வை’ என்ற நிபந்தனையைக் காவல் நிலையத்திலேயே கேட்பார்கள். லால்குடிப் பகுதி வழக்கு ஒன்றில், அவமதிப்பு அரசு அலுவலக அறைக்குள் நடந்தது, சாட்சிகள் பிறகுதான் வந்தார்கள் என்பதற்காக உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் வழக்கை ரத்து செய்தது. உங்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு: பேச்சு விழுந்தபோதே இரண்டு வெளியாட்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் கடிதம் தர மறுத்தால் இந்தப் பிரிவை நம்பி இறங்காதீர்கள்.

இறங்கினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். 18A பிரிவின்படி முதற்கட்ட விசாரணை என்று இழுக்காமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்து அதிகாரி விசாரிப்பார். முன்ஜாமீனுக்குச் சட்டம் தடை வைத்திருக்கிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு. மத்திய விதிகளின் 2016 அட்டவணைப்படி நிவாரணம் ஒரு லட்சம்: அறிக்கை பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்கு 50, தண்டனைக்கு 25. மகளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை. அவளை வீட்டில் வைத்தே விசாரிக்க வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார், அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். ஒன்று மட்டும்: இது சமரசத்துக்குரிய குற்றம் அல்ல. பிறகு ‘வாபஸ்’ என்று நீங்கள் நினைத்தாலும் உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய முடியும். திருவாரூர் மாவட்டம் என்பதால் அது சென்னையில். தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை.

என்னைக் கேட்டால் பள்ளிப் புகாரை இந்த வாரமே கொடுங்கள், அந்த இரண்டு சாட்சிகளின் கடிதம் கையில் வந்த பிறகு காவல் புகாரை முடிவு செய்யுங்கள். தாமதம் ஏன் என்று பின்னால் கேட்பார்கள். பள்ளிக்குக் கொடுத்த புகாரின் ஒப்புகையே அதற்குப் பதிலாகும். வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம்: பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருவாரூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சாதிச் சான்றிதழ், ஆதார், புகார் நகலோடு விண்ணப்பிக்கலாம், தொலைபேசியில் 15100. மகள் தொடர்ந்து பள்ளிக்குப் போக மறுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்து ஆலோசகர் உதவி கேளுங்கள். எத்தனை நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். வருகைப் பதிவைக் காட்டிப் பள்ளி பிறகு எதையும் சொல்ல இடம் கொடுக்காமல், ஒவ்வொரு விடுப்புக்கும் காரணத்தோடு கடிதம் கொடுங்கள்.