சட்டத்தில் இருக்கும் அதிகாரம் பயன்படுத்தாமலே செத்துப்போகுமா?

எழுத்தில் சாகாது, நடைமுறையில் கிட்டத்தட்டச் செத்துவிடும். நல்ல உதாரணம் கனடா.

அந்நாட்டின் 1867 அரசியலமைப்பின்படி, ஒரு மாகாணம் இயற்றிய சட்டத்தை மத்திய அரசு ஓராண்டுக்குள் செல்லாததாக்கலாம். சும்மா பெயருக்கு இருந்த அதிகாரம் அல்ல. 112 முறை பயன்பட்டது. கடைசியாக 1943-இல், ஆல்பர்ட்டா மாகாணத்தின் நில விற்பனைத் தடைச் சட்டத்தின் மேல். அதன்பின் யாரும் தொடவில்லை.

ஏன்? மாகாணங்கள் தங்களைச் சமமான அரசுகளாகக் கருதத் தொடங்கின. ஒரு சட்டம் வரம்பு மீறியதா என்று பார்க்க நீதிமன்றங்கள் இருந்தன. அப்புறம், தடை போடும் பிரதமருக்கு அந்த மாகாணத்தில் ஓட்டு விழுமா? ஒவ்வொருவரும் ஒதுங்க ஒதுங்க, ஒதுங்குவதே வழக்கமாகிவிட்டது.

நம் வீடுகளில் தாத்தா பெயரில் பட்டா இருக்கும். நாற்பது வருடமாக விவசாயம் பார்ப்பது பிள்ளைகள். திடீரென்று ஒருநாள் அவர் "இந்த வருஷம் விதைக்கக் கூடாது" என்றால்? பட்டா அவர் பக்கம்தான். ஆனால் வீடு ரெண்டாகிவிடும். அவருக்கும் அது தெரியும், அதனால் சொல்வதில்லை.

பலர் நினைப்பதுபோல, இத்தனை ஆண்டு தூங்கியதால் அந்த அதிகாரம் தானாக ரத்தாகிவிடவில்லை. 1982-இல் அரசியலமைப்பைப் பெரிதாக மாற்றியபோதும் அந்தப் பிரிவை நீக்கவில்லை. முறையான திருத்தம் வரும்வரை அது ஏட்டில் இருக்கும்.