முழு சார்ஜில் படுத்துவிடும் கார்: பிளக்-இன் ஹைபிரிட் கேள்வி-பதில்

கே: பத்து நாள் வெளியூர் போய்த் திரும்பினால் கார் ரிமோட்டுக்குத் திறக்கவே இல்லை. உள்ளே இருக்கும் இரும்புச் சாவியால் திறந்தேன். டேஷ்போர்டு இருட்டு. கிளம்பும்போது பேட்டரியில் 90 சதவீதம் சார்ஜ் இருந்ததே, எங்கே போனது?

ப: எங்கேயும் போகவில்லை. அந்த 90 சதவீதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பிளக்-இன் ஹைபிரிட்டில் (பிளக்கில் சார்ஜ் ஏற்றி மின்சாரத்திலும், பெட்ரோலிலும் ஓடும் கார்) இரண்டு பேட்டரிகள்: காரை ஓட்டும் பெரியது ஒன்று; பூட்டு, விளக்கு, கம்ப்யூட்டர்களுக்கான 12 வோல்ட் சின்னது ஒன்று. தீர்ந்தது அந்தச் சின்னது. ஓட்டும் பேட்டரிக்கும் மற்ற பாகங்களுக்கும் நடுவே கான்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இருக்கின்றன. காரை அணைத்ததும் அவை இணைப்பைத் துண்டித்துவிடும். மறுபடி இணைக்க 12 வோல்ட் வேண்டும். பெட்டி நிறையப் பணம், பூட்டுக்குச் சாவி இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கார்களில் பொதுவாக ஆல்டர்னேட்டர் (சாதாரணக் காரில் இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியை நிரப்பும் பாகம்) கிடையாது. பெரிய பேட்டரியின் உயர் வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் சின்னதை நிரப்புகிறது, அதுவும் கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரியும்போது (பல மாடல்களில் சார்ஜ் ஏறும்போதும்).

சின்ன பேட்டரியைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற காரில், கதவைத் திறக்காமல் அதன் வோல்ட்டைப் பாருங்கள். கதவு திறந்தாலே கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு அளவைக் கெடுக்கும். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. பிறகு காரை 'ரெடி'க்குக் கொண்டுவந்து அதே டெர்மினல்களில் வையுங்கள். 13.5 முதல் 14.7 வரை காட்டினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. பன்னிரண்டரையிலேயே நின்றால் கன்வெர்ட்டரையோ அதன் பியூஸையோ சந்தேகிக்கலாம்.

இனி ஒரு கணக்கு. எல்லாம் உறங்கிய பின் 50 மில்லி ஆம்பியர் இழுப்பது இயல்பு. அது நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பத்து நாளுக்கு 12. உங்களுடையது 45 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொண்டால் கால்பங்குதான் குறைந்திருக்க வேண்டும். ஆகவே பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது எதுவோ தூங்காமல் இழுக்கிறது. முதலில், கார் வாங்கிய பிறகு நீங்கள் மாட்டிய டேஷ்கேமையும் டிராக்கரையும் கழற்றிப் பாருங்கள். சாவியைக் காருக்கு அருகிலேயே மாட்டி வைத்தாலும் சில கார்கள் அடிக்கடி விழிக்கும். இந்த இழுப்பை அளக்க மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக (பேட்டரிக்கும் அதிலிருந்து கழற்றிய கம்பிக்கும் நடுவே) இணைத்து, எல்லாம் உறங்க ஒரு மணி நேரம் பொறுங்கள். இடையில் ஸ்டார்ட் பட்டனைத் தொட்டால் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

ஜம்ப் கொடுக்கும்போது (வேறு பேட்டரியிலிருந்து கேபிள் மூலம் மின்சாரம் தரும்போது) பானெட்டுக்குள் அதற்கென்று தந்திருக்கும் முனையில் சிவப்பு, பெயின்ட் இல்லாத உலோகத்தில் கறுப்பு. மாற்றி மாட்டினால் கன்வெர்ட்டர் காலி. அதன் விலைக்கு நல்ல பேட்டரிகள் பல வாங்கலாம். கையேடு அனுமதிக்காவிட்டால், உங்கள் காரிலிருந்து பிறர் காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். சின்ன பேட்டரி டிக்கிக்குள் இருக்கும் மாடல் என்றால், வாயு வெளியேறும் குழாயுடன் கூடிய ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்த பேட்டரி) வகையையே திரும்பப் போடுங்கள்.

கே: நின்ற இடத்தில் அரை மணி பாட்டுக் கேட்டதற்கே பேட்டரி இறங்கிவிட்டது. குறைபாடுள்ள காரா?

ப: பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தியிருப்பீர்கள். திரை, விளக்கு, ஃபேன் எல்லாம் ஓடும். 'ரெடி' வராது, கன்வெர்ட்டரும் ஓடாது. ஆனாலும் அரை மணியிலேயே சாய்கிறது என்றால் பேட்டரி ஏற்கெனவே பலவீனம்.

கே: வீட்டுச் சாக்கெட்டில் போட்டால் சார்ஜ் ஏறத் தொடங்கி, அரை மணி கழித்து நின்றுவிடுகிறது. கேபிளை மாற்றியும் பயனில்லை.

ப: 'அரை மணி கழித்து' என்பதே துப்பு. உடனே நின்றால் எர்த் கோளாறு அல்லது மின்கசிவு. தாமதமாக நின்றால் சூடு. தளர்ந்த சாக்கெட் தகட்டில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலும், 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 50 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்த மாதிரி. நல்ல கேபிள்களில் பிளக்குக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கும், அதுதான் நிறுத்துகிறது. நின்றதும் பிளக்கை உருவி, பின்களைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. சாக்கெட்டை மாற்றி, பின்பக்கத் திருகுகளை இறுக்கி, மெயின் போர்டிலிருந்து தனி ஒயரும் தனி எம்சிபியும் (மின்சாரம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

சார்ஜ் தொடங்கவே இல்லை என்று எழுதியவர்களுக்கும் இங்கேயே: முதலில் காரின் சார்ஜிங் டைமரைப் பாருங்கள். இரவு 11 மணிக்கு என்று நீங்களே வைத்து மறந்திருக்கலாம். அது இல்லையென்றால் பைலட் கம்பி. சார்ஜரும் காரும் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான்: இணைக்காதபோது 12 வோல்ட், இணைத்ததும் 9, கார் மின்சாரம் கேட்கும்போது 6. அந்தச் சிறு பின்னில் பச்சைக் களிம்பு பிடித்தால் பேச்சு நின்றுவிடும்.

கே: பேட்டரி நிறைய இருக்கிறது, மின்சார மோடில்தான் போகிறேன். திடீரென்று இன்ஜின் உறுமுகிறது.

ப: பெரும்பாலும் கோளாறு இல்லை. ஹீட்டர், குளிர்ந்த பேட்டரி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிப்பது, நெடுநாள் எரியாத பெட்ரோலைச் செலவழிப்பது, எது வேண்டுமானாலும் காரணமாகலாம்.

கே: ஏசி வேலை பார்த்த சில வாரங்களில் 'ஹைபிரிட் சிஸ்டத்தைப் பரிசோதிக்கவும்' என்று வருகிறது. ஸ்கேனரில் பி0ஏஏ6 (P0AA6) என்ற கோளாறுக் குறியீடு. பெரிய பேட்டரியை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

ப: அவசரப்படாதீர்கள். அந்தக் குறியீடு பேட்டரி செத்ததாகச் சொல்லவில்லை. உயர் அழுத்த மின்சாரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையே இன்சுலேஷன் குறைந்துவிட்டது என்கிறது. வோல்ட்டுக்கு 500 ஓம் என்ற அளவுகோலின்படி, 350 வோல்ட் சிஸ்டத்தில் குறைந்தது 1,75,000 ஓம் இருக்க வேண்டும்.

நீங்கள் ஏசியைச் சொன்னதால் சந்தேகம் கம்ப்ரஸர் மேல்தான். மின்சார கம்ப்ரஸரில் மோட்டார் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. அதனால் பெரும்பாலும் மின்சாரம் கடத்தாத பிஓஇ (POE) வகை ஆயில் போடுவார்கள். இன்ஜின் பெல்ட்டால் சுழலும் கம்ப்ரஸருக்கான சாதாரண பிஏஜி (PAG) வகை ஆயில் கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் சரியும். கேஸ் நிரப்பும் மெஷினின் குழாயில் மிச்சமிருந்த ஆயில்கூடப் போதும். ஏசி போட்டால் மட்டும் எச்சரிக்கை வருகிறதா என்று கவனியுங்கள். மழைக்குப் பின் மட்டும் என்றால் கனெக்டரில் ஈரம். சார்ஜ் போடும்போது மட்டும் என்றால் காருக்குள் இருக்கும் சார்ஜர். உட்பிரிவுக் குறியீடுகளையும் எடுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் கம்ப்ரஸரின் ஆரஞ்சு (உயர் அழுத்த) கேபிளைப் பிரித்து, 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) தனியாக அளந்து காட்டட்டும். அதற்குமுன் அவர் சர்வீஸ் பிளக்கை (உயர் அழுத்த மின்சாரத்தைத் துண்டிக்கும் பிளக்) உருவி, கையேடு சொல்லும் நேரம் (சாதாரணமாக 5 முதல் 10 நிமிடம்) பொறுத்து, 1,000 வோல்ட் கையுறையோடுதான் தொட வேண்டும். உங்கள் கை அங்கே போகவே வேண்டாம்.

கே: ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்யக் கம்பெனி காரைத் திரும்ப அழைப்பது) கடிதத்தில் 'சார்ஜ் போடாதீர்கள்' என்று இருக்கிறது. கார் நன்றாகத்தானே ஓடுகிறது?

ப: போடாதீர்கள். 2020-ல் ஃபோர்டு குகா, சில பிஎம்டபிள்யூ பிளக்-இன் மாடல்களின் உரிமையாளர்களுக்கும் இதே அறிவுரை வந்தது. செல் தயாரிப்பின்போது உள்ளே கலந்த துகள்கள்தான் காரணம். அத்தகைய துகள் செல்லுக்குள் ஷார்ட் ஏற்படுத்தலாம், சார்ஜ் நிறைய இருக்கும்போது ஆபத்தும் அதிகம். பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். டைமர் சார்ஜிங்கை நீக்குங்கள். 'பேட்டரி சார்ஜ்' மோடையும் தொடாதீர்கள். இன்ஜின் மூலம் ஏற்றினாலும் அது சார்ஜ்தான். கடிதம் வெளியே நிறுத்தச் சொன்னால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.