உப்பாற்றில் ஒரு குதிரை

அன்புள்ள ஐயா,

ராஜஸ்தானில் லூனி ஆற்றையொட்டி ஆறு நாள் குதிரையில் போனதைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஜீப்பில் கிளம்பினால் ஒரே நாளில் முடிகிற தூரம். ஆற்றில் தண்ணீரே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தப்பாக நினைக்க வேண்டாம், எனக்கு இது கொஞ்சம் வீம்பாகத் தெரிகிறது. பாலைவனம் என்றால் ஒட்டகம்தானே? இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் கேட்கிறேன்: எனக்கு 52 வயது, குதிரை ஏறியதே இல்லை. நானும் போகலாமா?

க.

அன்புள்ள க.,

வீம்புதான். அந்தச் சீமையின் நாட்டு இனமான மார்வாரிக் குதிரை மேல் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் கிளம்பினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீவனமும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் ஒரு ஜீப்பும் வந்தது. வெயிலில் நாள் முழுக்க நடக்கிற குதிரை 40 லிட்டருக்கும் மேல் குடிக்கும். அதை யார் சுமப்பது?

ஆனால் ஜீப்புக்குத் தாகம் எடுக்காது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

லூனி ஆரவல்லியில், அஜ்மீர் பக்கம் பிறக்கிறது. மேலே அதற்குப் பெயர் சாகர்மதி. புஷ்கரிலிருந்து வரும் சரஸ்வதி கோவிந்த்கரில் வந்து சேர்ந்த பிறகுதான் லூனி. ஏறக்குறைய 495 கிலோமீட்டர் ஓடி, கடலைத் தொடாமல் கட்ச் ரண் சதுப்பில் கரைந்துவிடுகிறது. பெயரிலேயே உப்பு இருக்கிறது. பாலோத்ரா என்ற ஊர் வரை நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உவர்ப்பு என்று படித்திருந்தேன். படித்தது படித்ததாகவே இருந்தது. பாலோத்ராவுக்கு மேலே, சம்தரியில் அடிபம்பில் பிடித்து வைத்த வாளியை என் பெண்குதிரை ஒரே மூச்சில் காலி செய்தது. இரண்டு நாள் கழித்து, கீழே ஒரு குட்டையில் மூக்கை வைத்தது, மேலுதட்டைச் சுருட்டியது, தலையைத் திருப்பிக்கொண்டது. எனக்கு அந்தக் கோடு புரிந்தது அப்போதுதான். (பாலோத்ராவில் ஆற்றைக் கெடுப்பது உப்பு மட்டுமில்லை, சாயக்கழிவும்தான். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

தண்ணீர் இல்லாத ஆறு என்கிறீர்கள். கண்ணுக்கு இல்லை, சரி. அந்த ஊர்க்காரர்கள் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். மேலே ஓடுகிற, தேங்குகிற மழைநீர் பாலர் பானி. ஆழத்து நிலத்தடி நீர் பாதாள் பானி, அது பல இடங்களில் உப்பு. இரண்டுக்கும் நடுவே, மணலுக்குள் ஈரமாக நிற்பது ரேஜானி பானி. கீழே ஜிப்சம் படிவு இருக்கும் இடங்களில் அது உப்புநீரோடு கலக்காமல் தங்கிவிடுகிறது. ஆள் ஒருவர் மட்டும் இறங்குகிற அகலத்தில் குயி என்ற சின்னக் கிணறு தோண்டி அதைச் சொட்டுச் சொட்டாக எடுக்கிறார்கள். நம் பாலையும் வெறும் மணல்காடு இல்லையே. முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலை. தார் அந்த இலக்கணத்துக்குள் சரியாகவே வந்து உட்காருகிறது. மழைக்காலத்தில் அங்கே புல் முளைக்கும், ஆறும் ஓடும்.

இனி என் முட்டாள்தனம். தில்வாரா கிராமம் தாண்டி ஆற்றுப்படுகையைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று உப்புப் பொருக்கு, பார்க்க சிமெண்டுத் தரை மாதிரி. குதிரை நின்றுவிட்டது. மார்வாரிக் குதிரையின் காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியும் நுனியும் தொடும். அந்த இரண்டும் ஒன்றுபோல முன்னால் திரும்பித் தரையையே குறி வைத்தன. எனக்கு அது சண்டித்தனமாகப் பட்டது. குதிகாலால் இரண்டு தட்டு தட்டினேன். நாலே எட்டு. பொருக்கு உடைந்து, முன்னங்கால் முழங்கால் வரை கறுப்புச் சேற்றுக்குள் போனது. நான் அதன் தோள் வழியாகச் சறுக்கி விழுந்தேன். எழுந்து கடிவாளத்தைப் பிடித்து இழுக்கப் போனபோது கூட வந்த குதிரைக்காரர் கத்தினார்: “ஹுக்கும் (அங்கே ‘ஐயா’ மாதிரி), விடுங்க! அதுக்குத் தெரியும்.” விட்டேன். அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அப்புறம் பின்னங்காலில் பாரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பி நடந்தது. அவர் அதன் காலைக் கழுவி, பின்பக்கத் தசைநாணை விரலால் மேலிருந்து கீழாக நீவிப் பார்த்தார். அன்று மீதித் தூரம் நான் நடந்தேன். என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் வழியைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தேன். குளம்புச் சத்தத்தையும் கேட்கப் பழகினேன். மணலில் சத்தமே இராது. காய்ந்த வண்டலில் மொத் மொத்தென்று வரும். சிவானா பக்கத்துக் குன்றடிவாரத்தில் திடீரென்று டக் டக். அது மலானி எரிமலைப் பாறை, 70 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதற்கு முன்னால் இந்த ஆறும் மணலும் நேற்றுப் பிறந்தவை. ஜீப்பில் போயிருந்தால் இந்த மூன்றும் எனக்கு ஒரே குலுக்கல்தான்.

ஒட்டகம் நல்ல பிராணி, மணலுக்கு அதுதான் சரி. ஆனால் இது குதிரைகளின் சீமை. மலானி என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர், குதிரைக்கே அந்தப் பெயர் உண்டு. பங்குனி வாக்கில் தில்வாராவில், இதே வறண்ட ஆற்றுக்குள்தான் மல்லிநாதர் சந்தை கூடுகிறது. குதிரை விற்கவும் வாங்கவும் ஆட்கள் ஆற்றின் நடுவில் கூடாரம் போடுகிறார்கள்.

52 வயதுக்குத் தாராளமாகப் போகலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். அதற்கு முன் உள்ளூரில் ஒரு மாதமாவது ஏறிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். ரேவால் என்று ஒரு நடை உண்டு, குலுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த நடை வருகிற குதிரையாகக் கேட்டு வாங்குங்கள். தொடையின் உட்பக்கம் தையல் இல்லாத கால்சட்டை போடுங்கள். இரண்டாம் நாள் இரவு உட்கார முடியாது, பயப்படாதீர்கள். மூன்றாம் நாள் காலை முதல் ஒரு மணி நேரம் இறங்கி, கூடவே நடந்து போங்கள்.