பார் மிட்ஸ்வா மாணவரைத் தயார் செய்வது: கேள்வி பதில்

யூதச் சிறுவன் 13 வயதில் பார் மிட்ஸ்வா ஆகிறான், அதாவது மதக் கட்டளைகளுக்குத் தானே பொறுப்பாகிறான். சிறுமி 12 வயதில் பாட் மிட்ஸ்வா. அதையொட்டி ஜெப ஆலயத்தில் சபை முன் தோராவை (வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) ராகத்தோடு ஓதுவது வழக்கம். மரபுவழிச் சபைகள் பெரும்பாலானவற்றில் பையன்கள் மட்டும் ஓதுவார்கள்; மற்றவற்றில் பெண்பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகளைப் பழக்குவது பற்றியும் சபை நடைமுறை பற்றியும் வந்த கேள்விகள் இவை.

கேள்வி (லண்டனில் ஹீப்ரு கற்பிக்கும் உதவி ஆசிரியர்): எத்தனை மாதம் முன்பே தொடங்க வேண்டும்? முதலில் எதைச் சொல்லித்தருவது?

9 முதல் 12 மாதம். வாரம் ஒரு வகுப்பு, 40 நிமிடம். வீட்டில் தினமும் 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரேயடியாக இரண்டு மணி நேரம் படிப்பது இதற்கு ஈடாகாது.

தோராச் சுருளில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருக்கும். உயிர்க்குறி இல்லை, ராகக்குறி இல்லை, வசனம் முடியும் இடத்தில் புள்ளிகூட இல்லை. எடுத்த எடுப்பில் அதைக் கொடுத்தால் பிள்ளை மிரண்டுவிடும். ஹஃப்தாராவில் தொடங்குங்கள். அது தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து ஓதும் பகுதி. பெரும்பாலும் எல்லாக் குறிகளும் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்தே ஓதுவார்கள்.

ராகக்குறிகளைத் தனித்தனியாகச் சொல்லித்தராதீர்கள், கொத்தாகக் கொடுங்கள். முதலில் வசனத்தை முடிக்கும் கொத்து: மெர்கா, திப்கா, மெர்கா, சோஃப் பசூக். அடுத்து வசனத்தை நடுவில் பிரிக்கும் கொத்து: மெர்கா, திப்கா, முனாக், எத்னக்தா. இரண்டும் படிந்ததும் பிள்ளை பார்த்தே இராத ஒரு வசனத்தைத் திறந்து வையுங்கள். அந்தக் கொத்துகள் வரும் இடங்களைத் தானாக ஓதினால் மட்டும் மேலே போங்கள். தோரா, ஹஃப்தாரா இரண்டுக்கும் குறிகள் ஒன்றுதான், ராகம் வேறு. ஒன்று நன்றாகப் படியாமல் மற்றதைத் தொடாதீர்கள்.

தோராவுக்கு ‘திக்குன்’ என்ற பயிற்சி நூல் உண்டு. ஒரு பத்தியில் குறிகளோடு இருக்கும். பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளதுபோல் வெறும் எழுத்து. குறியுள்ள பத்தியை ஐந்து முறை, வெறும் பத்தியை ஒரு முறை ஓதவையுங்கள். தடுக்கும் இடத்தில் பென்சில் கோடு போட்டு, அந்தத் தொடரை மட்டும் திரும்ப எடுங்கள். கடைசி நான்கு வாரம் அசல் சுருளின் முன் நிற்கவைத்து, கையில் யாத் என்ற சுட்டுகோலோடு. பழைய சுருளில் வரிகள் முறியும் இடம் திக்குனோடு ஒத்துவராமல் போகலாம். பக்கத்தின் எந்த மூலையில் எந்தச் சொல் என்று மனத்தில் பதித்த பிள்ளை அங்கேதான் தொலைந்துபோகும்.

பையன்களுக்கு அந்த வயதில் குரல் உடையும். வழக்கமான சுருதியைவிட இறக்கித் தொடங்கப் பழக்குங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒலிப்பதிவைக் கையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

கேள்வி (ஹைஃபாவில் முதியவர் பராமரிப்புப் பணியில் இருப்பவர்): நான் வேலை செய்யும் வீட்டுப் பேரன் ஃபோனில் கேட்டே மூன்று வாரத்தில் முழுசும் பாடுகிறான். அதில் என்ன தவறு?

ஆதியாகமம் 29-ஐ எடுங்கள். 6-ஆம் வசனத்தில் ராகேல் ஆடுகளோடு ‘வந்துகொண்டிருக்கிறாள்’. 9-ஆம் வசனத்தில் ‘வந்தாள்’. இரண்டு இடத்திலும் எழுத்து ஒன்றுதான்: பாஆ. முன்னதில் அழுத்தம் கடைசி அசையில், பின்னதில் முதல் அசையில். இடைக்கால வேத உரையாசிரியர் ராஷியின் உரை இதை எடுத்துச் சொல்கிறது. அழுத்தம் எங்கே என்று காட்டுவது ராகக்குறி. குறியைப் படிக்கத் தெரிந்த பையன் இரண்டையும் பிரித்து ஓதுவான். காதால் மட்டும் கற்றவன் பதட்டத்தில் மாற்றிவிட்டால், மாற்றியதே அவனுக்குத் தெரியாது.

பக்கத்தில் நிற்கும் கப்பாய் என்ற சபைப் பொறுப்பாளர் பிழையை உடனே சத்தமாகத் திருத்துவார். அந்தச் சொல்லுக்குத் திரும்பி ஓத வேண்டும். பாட்டாக மனப்பாடம் செய்தவனுக்கு நடுவில் பிடித்துக்கொள்ளக் கொம்பு கிடையாது.

கேள்வி (சென்னை, பேச்சுப் பயிற்சியாளர்): வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளையிடமும் இதையே சொல்வீர்களா? அவர்களுக்கு ஒலிப்பதிவுதான் ஒரே வழி.

உங்கள் ஆட்சேபணை நியாயமானது. பேத்–காஃப், தாலெத்–ரேஷ், ஹே–ஹெத் என்ற ஹீப்ரு எழுத்துகள் எல்லாம் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு, ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையில் சன்னல் வெட்டிக் கொடுங்கள். ஒலிப்பதிவும் கொடுங்கள், ஆனால் கொத்துக் கொத்தாக நறுக்கி; ஒவ்வொன்றையும் விரல் எழுத்தின் மேல் ஓடும்போது கேட்கட்டும். பகுதியையும் சுருக்குங்கள். ஓய்வுநாளான ஷபாத் (சனிக்கிழமை) காலையில் தோரா ஓதலுக்கு ஏழு பேரை அழைப்பார்கள். ஒருவருக்குக் குறைந்தது மூன்று வசனம். மூன்றே போதும்.

அவரே மீண்டும்: மூன்றும் முடியாவிட்டால்?

ஓத வேண்டாம். 13 வயது நிறைந்ததும் பையன் பார் மிட்ஸ்வாதான், ஓதினாலும் ஓதாவிட்டாலும். அழைப்பை ஏற்று மேடையேறி ஆசிமொழி சொல்லட்டும். வசனங்களை வேறொருவர் ஓதுவார். இதைப் பெற்றோரிடம் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பத்தாவது மாதம் சொன்னால் பிள்ளைக்குத் தோற்றதுபோல் இருக்கும்.

கேள்வி (இசை ஆசிரியர்): நல்ல காதுள்ள பிள்ளையை ஏன் தடுக்கிறீர்கள்? கேள்வி ஞானத்தால் வளர்ந்த மரபுகள் எத்தனையோ.

கேள்வி ஞானம் வளர்ந்தது குருவின் முன் உட்கார்ந்து, பிழை விழுந்த கணமே திருத்தப்பட்டு. ஃபோன் திருத்தாது. முதல் தடவை தவறாகக் கேட்டதையே பிள்ளை நூறு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளும். அதைக் கழற்றுவது புதிதாகச் சொல்லித்தருவதைவிடக் கடினம். அடுத்த வாரமும் வேறொரு பகுதியை எடுத்து ஓதக்கூடிய பிள்ளை சபைக்குக் கிடைக்க வேண்டும். நல்ல காது இருந்தால் குறிகள் இன்னும் சீக்கிரம் ஏறும்.

கேள்வி: ஆறு மாதம் போதுமா?

9 முதல் 12. மேலே இருக்கிறது.

கேள்வி: நான்கு மாதம்தான் இருக்கிறது, என்ன செய்ய?

மூன்று வசனம், தினமும் 15 நிமிடம். மாதக்கணக்குக் கேள்விகளை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில், பாவா பத்ரா என்ற பகுதியின் 21-ஆம் ஏட்டில் கணக்கே இருக்கிறது: 25 பேருக்கு ஓர் ஆசிரியர், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 என்றால் இரண்டு ஆசிரியர்கள். அதே ஏட்டில் இன்னொன்று: படிப்பு ஏறாத பிள்ளையை வெளியே அனுப்பாதே, தோழனுக்குத் துணையாக உட்காரட்டும். ஆசிரியர் பயிற்சியில் முதல் நாளே இந்த வரியை எழுதிப்போட வேண்டும்.

கேள்வி: ரப்பி (யூத மதகுரு) இல்லாமல் தொழுகை நடக்குமா?

நடக்கும். பத்துப் பேர் வேண்டும். மரபுவழிச் சபைகளில் பத்து ஆண்கள். கொச்சி யூதர்களிடம் ரப்பிகள் இருந்ததில்லை. கற்றறிந்த மூத்தவர்களே நடத்தினார்கள். அவர்களுடைய தலைவருக்குக் கொச்சி அரசர் தந்த பட்டம் ‘முதலியார்’.

கேள்வி: விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். என்ன கொண்டுபோவது?

ஷபாத் அன்று ஜெப ஆலயத்துக்குப் பரிசோ பணமோ எடுத்துப்போகாதீர்கள். முந்தைய வாரமோ பிறகோ வீட்டில் கொடுங்கள். பணமானால் 18-இன் மடங்கு: ‘உயிருள்ளது’ என்று பொருள்படும் ‘ஹை’ என்ற சொல்லின் எழுத்துமதிப்பு 18. ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.