விவசாய இயந்திரங்கள் மனித உழைப்பைக் குறைத்தனவா?

விவசாயத் தொழில்நுட்பம் வளர வளர மனிதர்களின் பாடு குறைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடைய பாடு, எந்த வேலையில் என்று பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

வெடித்த பருத்திச் சுளை ஒன்றை எடுத்து விதையைப் பிரித்துப் பாருங்கள். பஞ்சு விதையை லேசில் விடாது. பிய்த்துப் பிய்த்து விரல்தான் வலிக்கும். அமெரிக்கத் தெற்கில் பரவலாக விளைந்த குட்டை இழைப் பருத்தி இந்த ரகம். ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒரு பவுண்டு பஞ்சு தேறும். எலி விட்னி என்ற அமெரிக்கர் 1794இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில், சுழலும் உருளையின் கம்பிப் பற்கள் பஞ்சைக் குறுகிய இடுக்குகள் வழியே இழுத்தன. நுழைய முடியாத விதை இந்தப் பக்கமே விழுந்தது. கையால் சுற்றினாலே நாளுக்கு 50 பவுண்டு.

உழைப்பு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. விதை நீக்குவதுதான் வேகமானது. பறிப்பது அப்போதும் அடிமைகளின் கையால்தான். இங்கிலாந்தின் நூற்பாலைகளோ எவ்வளவு பஞ்சு வந்தாலும் விழுங்கின. அமெரிக்காவில் 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினர். வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர 1808இலேயே தடை வந்துவிட்டதால், பழைய மாநிலங்களிலிருந்து சுமார் 10 லட்சம் பேரைப் புதிய பருத்தி நிலங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அப்பன் ஓரிடம், பிள்ளை ஓரிடம். பழியை இயந்திரத்தின் தலையில் மட்டும் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சவுக்கும் சந்தையும் ஏற்கெனவே தயாராக இருந்த இடத்துக்கு அது வந்து சேர்ந்தது.

கதிரடிக்கும் இயந்திரத்தின் கதை வேறு. இங்கிலாந்தின் பண்ணைக் கூலிகளுக்குக் குளிர்காலப் பிழைப்பே களத்தில் கதிரடிப்பதுதான். அது பறிபோனதும் 1830இல் கென்ட் பகுதியில் தொடங்கி ஊர் ஊராக இயந்திரங்களை உடைத்தார்கள். முன்னேற்றத்தின் எதிரிகள் என்று அவர்களைச் சொல்வது எளிது. பனிக்காலம் முடியும்வரை அடுப்பு எரியுமா என்பதுதான் அவர்கள் கவலை. 400க்கும் மேற்பட்டோர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.

பருத்தி பறிக்கும் இயந்திரம் வணிகரீதியாக அமெரிக்க வயலுக்கு வந்தது 1940களில்தான். அதுவரை அடிமைகளின் பேரப்பிள்ளைகள் விளைச்சலில் ஒரு பங்குக்கும் கூலிக்கும் அதே நிலங்களில் பறித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு தப்பி ஓடினால் நாயை ஏவிப் பிடித்துவந்த பண்ணைகளுக்கு இப்போது ஆளே தேவைப்படவில்லை. முன்பே வடக்கே போய்விட்ட உறவினர்களைத் தேடி, சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் குடும்பம் குடும்பமாக ரயில் ஏறினார்கள்.