வாசகர் கேள்வி பதில்: சீசனுக்கு முந்தைய பயிற்சி

கால்பந்துக் கிளப்புகள் போட்டித் தொடருக்கு முன் நடத்தும் பயிற்சியை ரசிகராகப் போய்ப் பார்ப்பது குறித்துக் களியக்காவிளைக்கு இப்புறமிருந்தும் அப்புறமிருந்தும், பாலக்காட்டு எல்லையிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருள் பற்றியவை என்பதால் இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக் கிடக்கின்றன. என் மகனும் கூட்டாளிகளும் திருவனந்தபுரத்தில் ஒரு கிளப்பின் பயிற்சியைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். உள்ளே விடுவார்களா? எப்போது போகலாம்? — மீனவர், தூத்தூர்

முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிளப்புகள் பொதுவாகத் தொடருக்கு ஐந்து முதல் எட்டு வாரங்கள் முன்பு பயிற்சியைத் தொடங்கும். கேரள சூப்பர் லீக் 2024-இல் செப்டம்பர் 7 அன்று தொடங்கியது. எட்டு வாரம் பின்னால் எண்ணினால் ஜூலை நடுப்பகுதி வரும். அப்படிப்பட்ட ஆண்டில் தடைக்காலத்தின் கடைசி இரண்டு வாரங்கள் உங்களுக்கு ஒத்துவரும். ஆனால் 2025-இல் தொடர் அக்டோபர் 2 அன்றுதான் தொடங்கியது. அத்தகைய ஆண்டில் உங்கள் படகு கடலில் இறங்கிய பிறகே பந்து தரையில் இறங்கும். பிள்ளைகளை வேறு யாராவதுதான் அழைத்துப் போக வேண்டியிருக்கும்.

உள்ளே விடுவது கிளப்பின் விருப்பம். ரசிகர்களுக்கென்றே ஒரு நாளை அறிவித்துக் கதவைத் திறக்கும் கிளப்புகள் உண்டு. முதல் இரண்டு வாரம், உடல் தகுதிப் பயிற்சி மட்டும் நடக்கும்போது, வேலிக்கு வெளியே நிற்பவர்களைக் கண்டும் காணாமல் விட்டுவிடும் கிளப்புகளும் உண்டு. தொடர் நெருங்க நெருங்கக் கதவு மூடிக்கொள்ளும். நான் ஒரு முறை, முதல் நாள் வந்த அறிவிப்பை நம்பி, பாறசாலையில் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய் இறங்கினேன். இரவோடு இரவாக முடிவை மாற்றியிருந்தார்கள். வாசலில் இருந்த காவலர், "இன்னு ஆரெயும் கேற்றில்லா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தக் கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். மதிலுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்று, விசில் சத்தத்தையும் பந்து உதைபடும் சத்தத்தையும் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஆகவே முதல் நாள் இரவும், புறப்படும் காலையிலும் அறிவிப்பை மறுபடி பாருங்கள். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் அதிகாலையிலேயே தொடங்கிவிடுவார்கள்; ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால், கூம்புகளைப் பொறுக்கி அடுக்குவதைத்தான் காணலாம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஓடினார்கள், கை காலை நீட்டினார்கள், வட்டமாக நின்று பந்தைத் தட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு கோல் கூட விழவில்லை. இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? — கல்லூரி மாணவி, கொல்லங்கோடு

பாலக்காட்டுப் பக்கமும் ஒரு கொல்லங்கோடு உண்டு, குமரி மாவட்டத்திலும் ஒரு கொல்லங்கோடு உண்டு, இரண்டுமே எல்லை ஊர்கள். எந்தக் கொல்லங்கோடு என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் பதில் ஒன்றுதான்: நீங்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆட்டத்தன்று பந்தைப் பார்க்கலாம். பயிற்சியில் ஆளைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கண்ட ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை கூம்புகள் வைத்து, ஒலிபெருக்கியில் 'பீப்' கேட்டதும் போய்த் திரும்பி வந்து, பத்து விநாடி மெல்ல நடந்து, அடுத்த 'பீப்' வந்ததும் மீண்டும் ஓடினார்கள் என்றால், அது யோ-யோ சோதனை. டென்மார்க் நாட்டு விளையாட்டு அறிவியலாளர் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்தது. போகப் போக 'பீப்'களின் இடைவெளி குறையும். இரண்டு முறை நேரத்துக்குள் கோட்டைத் தொடாதவர் வெளியேற வேண்டும். அந்த ஓட்டத்தைவிட நடுவில் வரும் பத்து விநாடியைத்தான் நான் கவனிப்பேன். ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். ஒருவர் இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்ப்பார். இன்னொருவர் பக்கத்தில் தள்ளாடும் இளைஞனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அவனையும் கோட்டுக்கு இழுத்துவருவார். கேப்டன் பட்டை யார் கைக்குப் போகும் என்பதை அந்தத் தட்டிலேயே பல முறை ஊகித்திருக்கிறேன். ஓரிரு முறை தவறியும் இருக்கிறேன்.

வீரர்கள் அணிந்திருந்த கையில்லாத இறுக்கமான கறுப்புச் சட்டையைக் கவனித்தீர்களா? அதன் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கும். யார் எத்தனை தூரம் ஓடினார், எத்தனை முறை முழு வேகத்தைத் தொட்டார், எத்தனை முறை சட்டென்று நின்றார் என்பதெல்லாம் கோட்டோரம் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவரும். அவர் எழுந்து போய்ப் பயிற்சியாளரின் காதில் ஏதோ சொன்னதும் ஒரு வீரர் மட்டும் ஓரமாக அனுப்பப்படுவதைப் பார்த்து, வசவு வாங்கிவிட்டார் என்று ரசிகர்கள் பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் அன்றைய அளவு முடிந்துவிட்டது என்பதுதான் பொருள். மூன்று நான்கு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வரும் கால்களின் மேல் பாரத்தை ஒரேயடியாக ஏற்றினால் தொடைத் தசை முறுக்கிக்கொள்ளும். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதற்குத்தான் இந்தக் கணக்கெல்லாம்.

வட்டமாக நின்று தட்டியதற்கு ரோண்டோ என்று பெயர். வெளியில் ஐந்தாறு பேர், நடுவில் ஒருவரோ இருவரோ. நடுவில் இருப்பவர் பந்தைப் பறிக்க வேண்டும், பறிகொடுத்தவர் நடுவே போக வேண்டும். வேடிக்கை விளையாட்டு போலத் தெரியும், சிரிப்பும் கேலியும் இருக்கும். ஆனால் ஒரே ஒரு வீரரைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். பந்து அவரிடம் வருவதற்கு முன்னால் தலை திரும்புகிறதா? இரண்டு பக்கமும் அனுப்ப வசதியாக உடம்பைச் சாய்த்து நிற்கிறாரா, அல்லது பந்து வந்தபின்தான் யோசிக்கிறாரா? நவம்பரில் நடுக்களத்தில் மூன்று பேர் சூழும்போது அவர் என்ன செய்வார் என்பது அந்த ஐந்து நிமிடத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

இன்னும் நேரம் இருந்தால், களத்தைச் சுருக்கி நான்கு பேருக்கு நான்கு பேர் ஆடும் ஆட்டத்துக்காகக் காத்திருங்கள். இடம் சிறியது என்பதால் ஒவ்வொருவரும் பலமுறை பந்தைத் தொட வேண்டியிருக்கும், ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் ஓயாமல் நடக்கும். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தாக்குதல் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் விசில் ஊதினார். எல்லோரும் நின்ற இடத்திலேயே சிலை போல நின்றார்கள். அவர் பந்து வைத்திருந்தவரைக் கடந்து, மறு ஓரத்தில் நின்ற இடதுபுறத் தடுப்பாட்டக்காரரிடம் நடந்துபோய், தோளைப் பிடித்து இரண்டடி உள்ளே நகர்த்தி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு சொல் பேசவில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும், முன்பு திறந்து கிடந்த வழியில் பந்து நுழைய முடியாமல் திரும்பியது. மொத்தக் காலையில் அந்த இரண்டடியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கோல்கீப்பர்களை மறந்துவிடாதீர்கள், மைதானத்தின் ஒரு மூலையில், தனிப் பயிற்சியாளருடன், யாரும் பார்க்காமல் நூறு முறை விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். சோதனைக்காக அழைக்கப்பட்ட புது ஆட்களும் இருப்பார்கள். இன்னும் ஒப்பந்தம் கிடைக்காதவர்கள் அவர்கள். பக்கத்து வீரரின் பெயர் தெரியாததால் கையைத் தூக்கித்தான் பந்து கேட்பார்கள். அவர்களில் ஒருவர் மூன்றாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால் எனக்கு ஏனோ நிம்மதியாக இருக்கும்.

பயிற்சி ஆட்டங்களில் ஆறு கோல், ஐந்து கோல் என்று வாங்கும் அணியை நம்பி சீசன் டிக்கெட் வாங்கலாமா? — மஞ்சள் சட்டைக்காரர், நெய்யாற்றின்கரை

உங்கள் மஞ்சள் சட்டையிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். 2018 ஜூலையில் கொச்சி கலூர் மைதானத்தில் ஸ்பெயினின் ஜிரோனாவும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் சிட்டியும் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களுக்காக வந்தன. மஞ்சள் சட்டை அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் மெல்போர்னிடம் 6-0 என்றும் ஜிரோனாவிடம் 5-0 என்றும் தோற்றது. அதே பிளாஸ்டர்ஸ் செப்டம்பர் 29 அன்று கொல்கத்தாவுக்குப் போய், இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரின் முதல் ஆட்டத்தில் ஏடிகே அணியை 2-0 என்று வென்றது. பயிற்சி ஆட்டத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ரசிகர்கள் அன்று மார்தட்டினார்கள். பிறகு 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றியுடன் அந்த சீசன் ஒன்பதாவது இடத்தில் முடிந்தது. அப்போது, ஜூலையிலேயே தெரிந்துவிட்டது என்று சொன்னவர்களும் அதே ரசிகர்கள்தான்.

பயிற்சியாளர் அந்த ஆட்டங்களை வெல்வதற்காக நடத்துவதில்லை. இடைவேளையில் அணியையே மாற்றுவார், ஒரு நடுக்கள வீரரைத் தடுப்பில் நிறுத்திப் பார்ப்பார். கோல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே வகையான பிழை இரண்டு மூன்று ஆட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கார்னரில் ஒவ்வொரு முறையும் பின்கம்பத்தில் ஒருவர் தனியாக நின்றால், எனக்குக் கவலை வரும்.

கைபேசியில் படம் எடுத்தால் விரட்டுகிறார்களே, ரசிகர்கள் என்ன ஒற்றர்களா? — வாசகர், பாறசாலை

ஒற்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. 2019 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் கிளப்பின் ஊழியர் ஒருவர், டெர்பி கவுன்டி அணியின் பயிற்சி மைதானத்துக்கு வெளியே பிடிபட்டார். லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா, எதிரணிகள் எல்லாவற்றின் பயிற்சியையும் ஆள் அனுப்பிப் பார்த்ததாகத் தாமே ஒப்புக்கொண்டார். கிளப்புக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விழுந்தது. ஆட்டத்துக்கு முந்தைய 72 மணி நேரத்தில் எதிரணியின் பயிற்சியைப் பார்க்கக் கூடாது என்று விதியும் வந்தது. கார்னர், ஃப்ரீகிக் ஒத்திகையைப் படம் எடுக்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் வீரரோடு ஒரு படம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நம் ஊரில் மைதானம் இல்லாதது போல் துபாய்க்கும் தாய்லாந்துக்கும் ஏன் போகிறார்கள்? — வாசகர், கொழிஞ்சாம்பாறை

உங்கள் பக்கம் மழை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு போய்விடுவதால் எங்கள் மழையின் அருமை தெரியவில்லை போலும். ஜூலை, ஆகஸ்டில் கேரளத்துப் புல்தரை சேற்றுக் குட்டையாகிவிடும். ஆட்டத்துக்குப் புதிய எதிரணிகளும் அங்கே கிடைக்கும், இங்குள்ள ஆரவாரமும் இருக்காது. ஆனால் போனால் எல்லாம் நடக்கும் என்பதும் இல்லை: 2022 ஆகஸ்டில் பிளாஸ்டர்ஸ் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போன நேரத்தில் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால், ஏற்பாடாகியிருந்த ஆட்டங்களைத் திட்டமிட்டபடி ஆட முடியவில்லை. அந்தத் தடை அம்மாதம் 26 அன்றுதான் நீங்கியது.

கிளப்பில் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் அதையே கடற்கரை மணலில் செய்கிறார்கள். செய்யலாமா? — ஊர் அணியின் பயிற்சியாளர், வள்ளவிளை

எதைச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலை மாலை இரு வேளைப் பயிற்சியை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. அங்கே இரண்டு வேளைக்கும் நடுவே உணவும் உறக்கமும் உடம்பு பிடித்துவிடும் நிபுணரின் கையும் இருக்கின்றன, நம் பிள்ளைகளுக்கு நடுவே பள்ளியும் வீட்டு வேலையும் இருக்கின்றன. மணலில் ஓடுவது மூட்டுக்கு மென்மையானது, கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் கடினமானது. புல்தரையில் ஓடுவதில் பாதி நேரம் மணலுக்குப் போதும். உங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறையிலிருந்து எழுந்து ஐஎஸ்எல் வரை போன மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பர் 20 அன்று தொடரின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தால் வெளியேறியது பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். அதைப் பயிற்சியின் குறை என்று யாரும் சொல்ல முடியாது. மோதல் விளையாட்டில் காயம் வரவே செய்யும். தவிர்க்கக்கூடிய காயங்களையாவது தவிர்க்கலாம்.

அதற்கு ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட ஆயத்தப் பயிற்சி போதும்; பந்தும் கூம்புகளும் தவிர வேறு கருவி தேவையில்லை. அதில் உள்ள ஒன்றை இன்றே சொல்லிக்கொடுங்கள். ஒருவன் முழங்காலிட்டு நிமிர்ந்து நிற்க, மற்றவன் பின்னாலிருந்து அவன் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். முழங்காலிட்டவன் இடுப்பை மடக்காமல், உடம்பை ஒரே பலகையாக, எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்ற வேண்டும். முதல் வாரம் மூன்று முறை முதல் ஐந்து முறை. அதற்கு மேல் செய்தால் மறுநாள் படி இறங்க முடியாது. பின்தொடைக் காயங்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று ஆய்வுகளில் தெரியவந்த பயிற்சி இது. வெறும் மணலில் முழங்கால் புதைந்து உடம்பு கோணிக்கொள்ளும் என்பதால், பழைய வலை ஒன்றை நாலாக மடித்துக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.