பழைய காரில் எதற்கு முதலில் செலவு செய்வது?

கேள்வி: அப்பா 2007-இல் வாங்கிய மாருதி 800 காரை நான் ஓட்டி வருகிறேன். வெயில் நேரத்தில் திருநெல்வேலிக்குப் புறப்பட்டால், சேரன்மகாதேவியைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிடுகிறது. எஞ்சினை முழுவதும் பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரேக்கும் ஆழமாக மிதித்தால்தான் பிடிக்கிறது. கையில் 15,000 ரூபாய்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதல் செலவு பிரேக்குக்குத்தான், அது சரியாகும்வரை காரை வெளியே எடுக்காதீர்கள். பின்சக்கர டிரம்களைக் கழற்றி, பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா, வீல் சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றி, குழாயிலுள்ள காற்றையும் வெளியேற்ற வேண்டும்.

எஞ்சினைப் பிரிக்க இப்போதே சம்மதிக்க வேண்டாம். ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் மின்விசிறியையோ அதன் சுவிட்சையோ சந்தேகிக்கலாம். உங்கள் காரைப் போல ஓடும்போதே ஏறினால் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் திறந்து மூடும் வால்வு), வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையே ரேடியேட்டரில் ஊற்றி வரும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்த நீரின் உப்பு மெல்லிய குழாய்களுக்குள் படிந்து நீரோட்டத்தைக் குறைத்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஹோஸ்களையும் அழுத்தம் தாங்காத மூடியையும் மாற்றி, கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். சூடு குறைவதற்காகத் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் பெட்ரோல் வீணாவதோடு, உண்மையான கோளாறும் மறைந்து நிற்கும்.

ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்த காபி போல இருந்தாலோ, வெளியே கசிவு தெரியாமலே கூலன்ட் குறைந்துகொண்டு வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம். அப்போதும் மூன்று சிலிண்டர்களிலும் கம்ப்ரஷனை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை, அளந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். கேஸ்கெட் மாற்றுவது முழு எஞ்சின் வேலை ஆகாது. வழியில் முள் ஏறினால் உடனே நிறுத்தி, எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடக்கூடும்.

இந்த மாடலின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. கதவு, கண்ணாடி போன்றவற்றைப் பழைய சாமான் கடையில் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், பெல்ட் சார்ந்தவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். பெயின்ட் வேலையைத் தள்ளிப் போடுங்கள். 15 ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால், அதற்கும் சிறிது பணம் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: கடற்கரை ஊரில் இருப்பதால் காரின் அடிப்பகுதி துருப்பிடிக்கிறது. அண்டர்பாடி கோட்டிங் அடித்தால் போதுமா?
– வாசகி, உவரி

பதில்: போதாது. துருவின் மேலேயே அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி, தகடு இன்னும் வேகமாக அரிக்கும். துருவை முழுவதும் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசிக் காய்ந்த பிறகே கோட்டிங் அடிக்க வேண்டும். அதன்பின் வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் மணல் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.